சண்டை போடும் ஒளித்துகள்கள்

குவாண்டம் கணினியின் அடிப்படை அலகுகளான மீக்கடத்திக் குவிட்கள் மூன்றை வளையமாக இணைத்து, அதில் ஒரே ஒரு ஃபோட்டானை விட்டால் அது ஒரு பக்கமாகவே சுற்றுகிறது. இரண்டு ஃபோட்டான்களை விட்டால் சுற்றும் திசையே மாறிவிடுகிறது. கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பராவில் நடந்து, 2017இல் அச்சேறிய சோதனை இது.

ஃபோட்டானுக்கு மின்னூட்டம் கிடையாது, காந்தத்துக்கு மசியாது. அதனால் குவிட்களுக்கு இடையிலான இணைப்பைத் தாளம் தவறாமல் ஏற்றி இறக்கி, ஒரு செயற்கைக் காந்தப்புலத்தை உண்டாக்கினார்கள். ஒரே இடத்தில் இரண்டு ஃபோட்டான்கள் இருக்க முடியாதபடியும் செய்துவிட்டார்கள். மூன்று நாற்காலியில் இருவர் உட்கார்ந்தால் மிச்சம் ஒரு காலி நாற்காலிதானே? உண்மையில் சுற்றி வருவது அந்தக் காலியிடம், அதுவும் எதிர்த்திசையில். சாதாரண ஒளிக்கற்றைகள் ஒன்றையொன்று சட்டை செய்யாமல் ஊடுருவிப் போய்விடும் என்பதை நினைத்தால், ஃபோட்டான்களை இப்படி ஒன்றையொன்று தவிர்க்கவைப்பது லேசான காரியமில்லை.

2020இல் சிகாகோவில் வேறு வழி பிடித்தார்கள். நான்கு ஆடிகளை ஒரே தளத்தில் வைக்காமல் கோணலாக நிறுத்தியதால், சுற்றி வரும் ஒளி ஒவ்வொரு சுற்றிலும் சற்று முறுக்கிக்கொண்டது; காந்தப்புலத்தின் வேலையை அந்த முறுக்கு பார்த்துக்கொண்டது. நடுவில் குளிரூட்டிய ரூபிடியம் அணுக்கள். அவற்றின் உதவியால் இரண்டு ஃபோட்டான்கள் ஒன்றையொன்று விலக்கி நின்றன. வலுவான காந்தப்புலத்தில் எலெக்ட்ரான்கள் ஒன்றையொன்று விலக்கிக் கூட்டாக இயங்கும் பின்ன குவாண்டம் ஹால் நிலையை 1982இலேயே பார்த்திருக்கிறார்கள்; அதன் மிகச் சிறிய ஒளி வடிவம் இது. 2024இல் சீனாவின் ஹெஃபெய் நகர ஆய்வாளர்கள் நாலுக்கு நாலு என்று 16 குவிட்களில் அதே குடும்பத்து நிலையைக் கட்டிக் காட்டினார்கள்.

இத்தகைய நிலைகளை அவற்றின் டோபாலஜி, அதாவது சிறு மாற்றங்களால் கலையாத ஒட்டுமொத்த அமைப்பு, காக்கும் என்பதால் உடனே ‘பிழையே அண்டாத குவாண்டம் கணினி’ என்று பேச்சு கிளம்பிவிடுகிறது. என்னை உறுத்துவது இதுதான். டோபாலஜி தரும் பாதுகாப்பு மேடுபள்ளத்துக்கு எதிரானது. அமைப்பில் சிறு கோளாறு இருந்தாலும் விளிம்போரமாகப் பாயும் ஓட்டம் அதைச் சுற்றிக்கொண்டு போய்விடும். ஃபோட்டானே தொலைந்துபோனால்? எலெக்ட்ரான், தான் இருக்கும் பொருளை விட்டுக் காணாமல் போவதில்லை. ஃபோட்டான் ஆடி வழியே கசியும், சுற்றியுள்ள பொருளில் உறிஞ்சப்படும். இந்தச் சோதனைகளில் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட அது தங்குவதில்லை. இருப்பதே இரண்டு ஃபோட்டான் என்றால், ஒன்று போனபின் அங்கே எந்த நிலையைக் காப்பாற்றுவது?

போனதற்குப் பதில் வெளியிலிருந்து இன்னொன்றை ஊட்டலாம் என்பவர்களும் உண்டு. 2019இல் ஒரு குவிட் வரிசையில் செய்தும் காட்டினார்கள். ஆனால் அங்கே இடத்துக்கு ஒரு ஃபோட்டான் என்ற எளிய ஒழுங்குதான். எல்லாத் துகள்களும் பின்னிப் பிணைந்த நிலையில் அப்படிச் செருகுவது வேறு கதை.

அடுத்த அறிவிப்பு வந்தால் குவிட் எண்ணிக்கையை விட்டுவிட்டு, ஃபோட்டானின் ஆயுள் எத்தனை மைக்ரோநொடி என்ற எண்ணைத்தான் முதலில் தேடுவேன். அது தலைப்பில் வராது. பின்னிணைப்பு அட்டவணையில் கிடக்கும்.