உங்களுக்குத் தெரியுமா? ஏரி வற்றும், குவாரி வற்றாது

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் வட்டாரத்தில் ஏரி எது, கைவிட்ட கல்குவாரி எது என்பதைக் கோடைகாலச் செயற்கைக்கோள் படம் பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். ஆழமில்லாத ஏரிகள் மே மாதத்தில் வற்றிவிடும். பாறையைக் குடைந்த குழியில் நீர் நிற்கும். அண்மை அகச்சிவப்பு ஒளியை நீர் உறிஞ்சிக்கொள்வதால், அந்தக் குழி கரும்புள்ளியாகப் பதிவாகும். லாண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள் 1972 முதல் உள்ளன. 2008 முதல் இலவசம். சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தின் ஒரு புள்ளி தரையில் 10 மீட்டர் அகலம் என்பதால் ஓரளவு சிறிய குழியும் தப்பாது.

சட்டவிரோதச் சுரங்கங்களைக் கண்டுபிடிக்க மத்திய அரசு 2016-இல் தொடங்கிய செயற்கைக்கோள் கண்காணிப்பு, சுரங்கக் குத்தகை எல்லையைச் சுற்றி 500 மீட்டர் வரை பார்க்கிறது. ஆனால் அது முதலில் பெருங்கனிமங்களுக்கே வந்தது. நம் ஊர்க் கருங்கல்லும் சவுடும் சிறுகனிமங்கள். அவை மாநிலப் பொறுப்பு. இங்குதான் கண்காணிப்பு அவசரமாகத் தேவை. குவாரியில் நிற்கும் நீர் குடிநீராகவும் பயன்பட்டிருக்கிறது: பக்கத்துச் சிக்கராயபுரம் குவாரி நீரை 2017 வறட்சியில் சுத்திகரித்துச் சென்னைக்குக் குடிக்கக் கொடுத்தார்கள்.