'ஆர்மி' டி-ஷர்ட் எங்கேயும் வாங்கலாம்... நிஜ ராணுவ உடையை அரசு எப்படி வாங்குகிறது தெரியுமா?

மாமல்லபுரம் போனால், பச்சையும் பழுப்புமாகத் தொங்கும் 'ஆர்மி' டி-ஷர்ட்களைப் பார்த்திருப்பீர்கள். பேரம் பேசி வாங்கிவிடுவோம். துணி எந்த நாட்டுடையது என்று கேட்க மாட்டோம். ஆனால், இதே செங்கல்பட்டு மாவட்டத்தின் தாம்பரம் விமானப்படைத் தளம் போன்ற இடங்களில் இருக்கும் வீரர்களுக்காக அரசு உடை வாங்கும்போது, அந்தக் கேள்வி முக்கியம்.

என்ன விதி?

மத்திய அரசின் கொள்முதலில் உள்நாட்டுப் பொருளுக்கு முன்னுரிமை தரும் ஆணை 2017-ல் வந்தது. பொருளின் மதிப்பில் 50 சதவிகிதமாவது உள்நாட்டுப் பங்கு இருந்தால் 'முதல் வகுப்பு' சப்ளையர். முன்னுரிமை இவருக்குத்தான். 20-லிருந்து 50-க்குள் என்றால் 'இரண்டாம் வகுப்பு'.

வரி நீங்கலாக ஒரு சீருடை 1,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதில் 600 ரூபாய்க்குத் துணியும் ஜிப்பும் வெளிநாட்டிலிருந்து வந்தால், உள்நாட்டுப் பங்கு 40 சதவிகிதம்தான். நம் ஊரில் தைத்திருந்தாலும் முதல் வகுப்பு கிடையாது!

யார் சரிபார்ப்பது?

டெண்டர் போடும் நிறுவனமே உறுதிமொழி எழுதித் தர வேண்டும். 10 கோடி ரூபாயைத் தாண்டினால் ஆடிட்டர் சான்றிதழும் தேவை. பொய் என்று தெரிந்தால், 2 ஆண்டுகள் வரை அரசு டெண்டர்களில் கலந்துகொள்ளத் தடை விதிக்கலாம்.

அமெரிக்காவில் 1941-லிருந்தே இதைவிடக் கடுமையான 'பெர்ரி' சட்டம் உண்டு. நூல்கூட உள்நாட்டுடையதாக இருக்க வேண்டும். அங்கேயும் 2001-ல் அவசரத்துக்கு விதியைத் தளர்த்தி கறுப்புத் தொப்பிகளை வாங்கினார்கள். அதில் சுமார் 6 லட்சம் தொப்பிகள் சீனாவில் தயாரானவை என்று சர்ச்சை வெடிக்க, அவற்றை வீரர்கள் அணியக் கூடாது என்று திரும்பப் பெற்றார்கள்.

நமக்கு என்ன?

நம் பக்கத்து ஆவடியில் 1961-லிருந்து ராணுவ உடைத் தொழிற்சாலை இயங்குகிறது. 2021 அக்டோபர் 1 முதல், கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட 'ட்ரூப் கம்ஃபர்ட்ஸ்' என்ற அரசு நிறுவனத்தின்கீழ் வந்துவிட்டது. இனி ஆர்டருக்குத் தனியாருடன் போட்டி போட வேண்டும்.

அந்தப் போட்டியில் ஒருவர் மலிவான வெளிநாட்டுத் துணியை வாங்கித் தைத்துவிட்டு, 'எல்லாம் உள்நாட்டுச் சரக்கு' என்று எழுதிக் கொடுத்தால் என்ன ஆகும்? உள்ளூர் நூலும் துணியும் வாங்கி நேர்மையாகத் தைப்பவரின் விலை அதிகமாகத் தெரியும், ஆர்டர் கைநழுவும். தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருப்பவரின் சம்பளம் அந்த ஒரு காகிதத்தில்தான் இருக்கிறது. அதைக் கோப்பில் வைத்து மூடாமல், துணியோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தால் மட்டுமே விதிக்கு அர்த்தம்.