கோட்டுக்குக் கீழே



நாளிதழை விரித்தவுடன் உங்கள் கண் முதலில் எங்கே செல்கிறது? தலைப்புச் செய்திக்கு என்று நீங்கள் விடை கூறுவீர்கள். ஆசிரியர் கேட்டால் அப்படித்தான் கூறவேண்டும். ஆனால் வீட்டில் நடப்பது வேறு. என் தந்தையார் தினத்தந்தி வாங்கினால் கன்னித்தீவுப் படக்கதையைப் பார்த்து முடித்த பின்னரே நாட்டு நடப்பைப் பற்றிக் கவலைப்படுவார். என் பேரன் குறுக்கெழுத்துப் புதிரிலிருந்து தொடங்குகிறான். நானோ, தலையங்கம் படிப்பவன் என்ற பெயரைக் காப்பாற்றிக்கொண்டே, பக்கத்தின் அடியில் இருக்கும் துணுக்கை முதலில் படித்துவிடுகிறேன்.

பக்கத்தின் மேலே கனமான கட்டுரை. அதன் அடியில் வாசகனைப் பிடித்து நிறுத்தும் வேறொரு பகுதி. இந்த ஏற்பாடு எங்கே தோன்றியது, எதற்காகத் தோன்றியது, அதனால் விளைந்தவை யாவை என்பதைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன். இப்பொருளில் எனக்கு நாட்டம் பிறந்ததற்கு என் பள்ளிக்கூட வாழ்வில் நேர்ந்த ஒரு பிழையே காரணம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

1987ஆம் ஆண்டு. நான் அப்பொழுது சிற்றூர் ஒன்றில் உயர்நிலைப்பள்ளி ஆசிரியன். பள்ளி வாயிலை ஒட்டிய சுவரில் ஒரு கரும்பலகை உண்டு. அதில் அறிவிப்புகளும், தூய்மை, காலந்தவறாமை போன்ற பொருள்களைப் பற்றிய சிறு கட்டுரைகளும் எழுதுவது என் பொறுப்பு. மாணவர்கள் அதைக் கடந்து சென்றார்கள். நின்று படித்தவர் எவருமில்லை. ஆறு மாதம் பொறுத்திருந்து பார்த்த நான், ஒரு திங்கட்கிழமையன்று பலகையின் குறுக்கே வெள்ளைக் கோடு ஒன்றை இழுத்தேன். கோட்டுக்குக் கீழே ஒரு கணக்குப் புதிர். விடை அடுத்த திங்களன்று. என்ன வியப்பு! மறுநாள் முதல் மணி அடித்த பிறகும் பலகையின் முன்னால் கூட்டம் கலையவில்லை. என் அறிவுக்கூர்மையை நானே மெச்சிக்கொண்டேன்.

இரண்டு மாதங்கள் சென்றன. கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பம் கொடுக்க வேண்டிய கடைசி நாளை அதே பலகையில், கோட்டுக்கு மேலே, தெளிவாக எழுதியிருந்தேன். ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன், அத்தொகைக்கு எல்லா வகையிலும் உரியவன், விண்ணப்பம் கொடுக்கவில்லை. நாள் கடந்துவிட்டது. அவனோ நாள்தோறும் பலகையின் முன்னால் நின்றவன். புதிருக்கு முதலில் விடை கண்டவனும் பெரும்பாலும் அவனே. அழைத்துக் கேட்டேன். "ஐயா, நான் கோட்டுக்குக் கீழே மட்டுந்தான் படிப்பேன்" என்றான். அவன் குரலில் குறும்பில்லை. உண்மையைச் சொன்னான். கோட்டை இழுத்தவன் நானல்லவா?

அந்தக் கோட்டின் கதையைத் தேடிச் சென்றபோதுதான், அது நான் கண்டுபிடித்ததன்று, பிரான்சு நாட்டில் தோன்றியது என்று அறிந்தேன்.

பிரெஞ்சுப் புரட்சி தொடங்கிய 1789ஆம் ஆண்டில் பாரிசு நகரில் 'ஜூர்னால் தெ தெபா' என்னும் இதழ் தொடங்கியது. மன்றத்தில் நடந்த வாதங்களை வெளியிடுவதே அதன் முதல் பணி. பத்தாண்டு கழித்து நெப்போலியன் ஆட்சியைக் கைப்பற்றினார். 1800ஆம் ஆண்டு சனவரித் திங்களில் அவர் ஓர் ஆணை பிறப்பித்தார். பாரிசில் வெளிவந்த அரசியல் இதழ்களுள் 13 மட்டும் தொடரலாம். ஏனையவை நிறுத்தப்பட வேண்டும். எஞ்சியவற்றுள் 'தெபா'வும் ஒன்று. பிழைத்தது உண்மைதான், ஆனால் அரசியலை மனம்போல் எழுத இயலாது. வாதங்களுக்காகவே பிறந்த இதழ் வாதம் செய்யக்கூடாது என்றால் வாசகன் எதற்காகப் பணம் கொடுப்பான்?

அந்த ஆண்டு அந்தத் திங்களிலேயே அவ்விதழில் புதிய பகுதி ஒன்று பிறந்தது. நாடக விமரிசனம், நூல் மதிப்புரை, நகரச் செய்தி, விடுகதை ஆகியவற்றைக் கொண்ட அதற்கு 'ஃபெயெத்தொன்' என்று பெயரிட்டார்கள். சிற்றேடு, சிறு தாள் என்பது அச்சொல்லின் பொருள். நாளடைவில் அது பக்கத்தின் அடியில், ஒரு கோட்டின் கீழே, நிலையாகக் குடியேறியது. அவ்விடத்தை வீட்டின் தரைத்தளத்தைக் குறிக்கும் சொல்லால் பிரெஞ்சுக்காரர் அழைத்தனர். மாடியில் அமைச்சர்கள் வாழ்ந்தார்கள். தரைத்தளத்தில் நடிகர்களும் எழுத்தாளர்களும் வாழ்ந்தார்கள் என்று கொள்ளலாம். தெருவில் போகிறவன் எட்டிப் பார்ப்பது தரைத்தளத்தைத்தானே! ஷோப்ருவா என்னும் நாடக விமரிசகர் 1814இல் இறக்கும் வரை அப்பகுதியில் எழுதினார். அவர் முன்னாள் ஆசிரியர் என்பதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி. நடிகர்கள் அவருக்கு அஞ்சினார்கள் என்பதைக் கேட்டால் அவரிடம் படித்த மாணவர்கள் வியப்படைந்திருக்க மாட்டார்கள்.

இவ்வளவும் தொடக்கமே. கீழ்ப்பகுதி தன் முழு ஆற்றலைக் காட்டியது 1836ஆம் ஆண்டில். அக்காலத்தில் பாரிசு நாளிதழ் ஒன்றின் ஓராண்டுச் சந்தா 80 பிராங்கு. உழைத்துப் பிழைக்கும் குடும்பம் அத்தொகையை எண்ணியும் பார்க்க இயலாது. எமீல் தெ ஷிரார்தென் என்பவர் அவ்வாண்டு சூலை முதல் நாளன்று 'லா பிரெஸ்' என்னும் இதழைத் தொடங்கிச் சந்தாவைச் சரிபாதியாக்கினார், 40 பிராங்கு. 'ல சியேக்ல்' என்னும் போட்டி இதழும் அதே நாளில் அதே விலையில் தோன்றியது. இழப்பை எவ்வாறு ஈடுசெய்வது? விளம்பரத்தால். விளம்பரம் எப்பொழுது வரும்? வாசகர் பெருகினால் வரும். வாசகர் எப்பொழுது பெருகுவர்? இங்கேதான் கோட்டுக்குக் கீழே இருந்த இடம் கைகொடுத்தது. அவ்வாண்டின் இறுதிக்குள் பால்சாக்கின் நாவல் ஒன்றை 'லா பிரெஸ்' நாள்தோறும் பகுதி பகுதியாக வெளியிட்டது. கதை ஓரிடத்தில் நிற்கும். அடியில் 'தொடரும்' என்றிருக்கும். மறுநாள் இதழை வாங்காமல் இருக்க முடியுமோ?

இந்த ஏற்பாட்டின் நுட்பத்தைச் சிறிது எண்ணிப் பாருங்கள். மேலே இருக்கும் செய்தி அன்றைக்கு முடிந்துவிடும். நேற்றைய செய்தி இன்று பழந்தாள். கீழே இருக்கும் கதையோ முடிவதில்லை. செய்தி வாசகனை அன்று ஒருநாள் வரவழைக்கும். கதை அவனை மறுநாளும் வரச் செய்யும். பக்கத்தின் அடியில் தனியாக அமைந்திருந்ததால் அதைக் கத்தரித்து வரிசையாகத் தைத்து நூலாக வைத்துக்கொள்ளவும் முடிந்தது. நம் ஊரில் வார இதழ்த் தொடர்கதைகளைப் பிரித்தெடுத்துக் கட்டடம் செய்து வைத்திருந்த பாட்டிமார்களை நீங்கள் அறிவீர்கள். அவர்களுக்கு மூத்தோர் பாரிசு நகரத்தில் இருந்தார்கள்.

இனி நான் சொல்லப்போவதே இவ்வரலாற்றின் நடுப்பகுதி. 1842ஆம் ஆண்டு சூன் திங்களில் 'தெபா' இதழின் அடியில் 'பாரிசின் மர்மங்கள்' என்னும் தொடர்கதை தொடங்கியது. எழுதியவர் எழேன் சூ. இவர் மருத்துவர் குடும்பத்திற் பிறந்தவர். கடற்படையில் மருத்துவராகப் பணியாற்றியவர். செல்வச் செழிப்பில் வாழ்ந்தவர். ஏழையின் குடிசையை அவர் அதுவரை நெருங்கி அறிந்ததில்லை. விறுவிறுப்பான கதைக்கு இருண்ட சந்துகள் பயன்படும் என்று எண்ணியே அவர் எழுதத் தொடங்கினார் என்பது என் கருத்து. ஆனால் வாசகர்கள் அவரை அவ்விடத்தில் நிற்கவிடவில்லை. நூற்றுக்கணக்கான கடிதங்கள் வந்தன. சீமாட்டிகள் எழுதினர்; கைத்தொழிலாளர் எழுதினர்; சிறைச்சாலைகளைப் பற்றியும், அடகுக் கடைகளைப் பற்றியும், வேலையற்றோர் நிலையைப் பற்றியும் எழுதினர். எழுத்தறியாதோர் பிறர் படிக்கக் கேட்டனர். கதையின் முடிவை அறியும்வரை நோயாளிகள் சாவைத் தள்ளிப்போட்டார்கள் என்று கோத்தியே என்னும் எழுத்தாளர் வேடிக்கையாக எழுதினார்.

கடிதங்கள் கதைக்குள் புகுந்தன. சூ சிறைகளைப் பற்றி விரிவாக எழுதலானார்; ஏழைகளுக்கு வட்டியில்லாக் கடன் தரும் நிலையம் வேண்டும் என்று கதையின் நடுவிலேயே திட்டம் வகுத்தார். 1843 அக்டோபரில் தொடர் முடிவுற்றபோது அவர் தொடங்கியபோதிருந்த மனிதராக இல்லை.

இதில் ஒரு விந்தை உண்டு. 'தெபா' அரசாங்கத்தை ஆதரித்த இதழ். வசதி படைத்தோரின் இதழ். கோட்டுக்கு மேலே நாடு நலமாக இருக்கிறது என்று எழுதியது. அதே தாளில், நான்கு விரற்கடை கீழே, நாட்டில் பசியால் மெலிந்தோர் நடமாடினர். முதலாளிகள் இதை அறியாதவர்களா? அறிவார்கள். ஆனால் கீழ்ப்பகுதியே சந்தாவைக் கொண்டுவந்தது. 1844இல் 'கான்ஸ்தித்யூஸியோனெல்' என்னும் மற்றோர் இதழ், சூவின் அடுத்த கதைக்கு ஒரு இலட்சம் பிராங்கு கொடுத்தது. 4,000க்கும் குறைவாக இருந்த அதன் சந்தாதாரர் தொகை 20,000க்கு மேல் உயர்ந்தது. அதே ஆண்டில் அலெக்சாந்தர் தூமாவின் 'மூன்று துப்பாக்கி வீரர்' 'ல சியேக்ல்' இதழிலும், 'மாந்த கிறிஸ்தோ' 'தெபா'விலும் வெளிவரத் தொடங்கின.

கோட்டுக்குக் கீழே இருப்பது வெறும் பொழுதுபோக்கு என்று எண்ணியவர்கள் 1850இல் விழித்துக்கொண்டனர். அவ்வாண்டு ஏப்பிரலில் பாரிசில் நடந்த இடைத்தேர்தலில் எழேன் சூ இடதுசாரி வேட்பாளராக நின்று வெற்றி பெற்றார். பெரும்பான்மையினராய் இருந்த பழமைக் கட்சியினர் கலக்கமுற்றனர். மே மாத இறுதியில், ஓரிடத்தில் மூன்றாண்டு குடியிருந்தோர்க்கே வாக்குரிமை என்று சட்டம் வந்தது. ஏறத்தாழ முப்பது இலட்சம் பேர் வாக்கை இழந்தனர். சூலையில் மற்றொரு சட்டம். தொடர்கதை வெளியிடும் இதழ் ஒவ்வொரு படிக்கும் ஒரு சாந்தீம் கூடுதல் முத்திரை வரி செலுத்த வேண்டும்! தலையங்கத்துக்கு வரியில்லை, கதைக்கு வரி. மறு ஆண்டு டிசம்பரில் நெப்போலியனின் தம்பி மகன் படைவலியால் ஆட்சியைக் கைப்பற்றியபோது சூ நாட்டை விட்டு வெளியேறினார். 1857இல், அன்று பிரான்சுக்கு உட்படாதிருந்த அன்னெசி நகரில் காலமானார்.

செருமானிய மொழி வழங்கும் நாடுகளுக்கும் இவ்வழக்கம் பரவியது. வியன்னாவில் அது தொடர்கதையினும் கட்டுரைக் கலையாகவே வளர்ந்தது. 'நாய ஃபிரைய பிரெஸ்ஸ' என்னும் நாளிதழின் முதற் பக்க அடியில் கட்டுரை வெளிவருவது எழுத்தாளனுக்குப் பட்டமளிப்பு விழாவைப் போன்றது. இளைஞராய் இருந்த ஸ்தெஃபான் ஸ்வைக் அப்பேற்றைப் பெற்ற மகிழ்ச்சியை முதுமையில் தம் வாழ்க்கை நினைவில் எழுதியிருக்கிறார். அதே வியன்னாவில் கார்ல் கிரவுஸ் என்பவர் இத்தகைய எழுத்தைக் கடுமையாகத் தாக்கினார். சொல்லழகில் மயங்கிச் செய்தியின் உண்மையைக் கோட்டை விடுகிறார்கள் என்பது அவர் குற்றச்சாட்டு. அவர் கூறியதில் பாதியேனும் சரி என்பேன்.

தமிழில் இதன் வழித்தோன்றல்கள் பல. 1893 முதல் 1895 வரை 'விவேக சிந்தாமணி' என்னும் திங்களிதழில் இராஜம் ஐயரின் 'கமலாம்பாள் சரித்திரம்' தொடராக வந்தது. 1950இல் தொடங்கி மூன்றாண்டுக்கு மேல் 'கல்கி'யில் வந்த 'பொன்னியின் செல்வ'னைப் பற்றி உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. துணுக்கின் பிறப்போ வேறு. ஈய எழுத்துக்களைக் கையால் கோத்த நாளில் கட்டுரை பக்கத்தின் முக்கால் பங்கில் முடிந்துவிடும். அடியில் இடம் வெறுமையாக நிற்கும். அதை நிரப்ப ஆசிரியர் சில வரிகளை எழுதி ஆயத்தமாக வைத்திருப்பார். இடத்தை அடைக்கப் பிறந்த அதனையே முதலில் படிக்கும் என்னைப் போன்றோரும் பிறந்துவிட்டோம்.

கையெழுத்து ஏடு நடத்தும் மாணவர்கள் உங்களுள் இருப்பீர்கள். அடியில் என்ன போடலாம் என்று எண்ணும்போது, அது மேலே இருப்பதோடு எவ்வகையில் உறவுடையது என்பதையும் எண்ணுங்கள். நம் பழைய உரையாசிரியர்கள் மூலத்தின் கீழேதான் உரை வகுத்தார்கள். அவ்வுரை படிப்பவனை மீண்டும் மூலத்துக்கே அனுப்பும். என் புதிர் எவனையும் மேலே அனுப்பவில்லை. அதுவே நான் செய்த பிழை.

அம்மாணவனுக்கு அவ்வாண்டு உதவித்தொகை கிடைக்கவில்லை. நான் தலைமையாசிரியரோடு சென்று வேண்டியும் பயனில்லை. கோட்டை அழித்துவிடலாமா என்று ஒருநாள் முழுவதும் எண்ணினேன். அழித்தால் பலகையின் முன்னால் மீண்டும் எவரும் நிற்கமாட்டார். எனவே கோடு இருந்தது, புதிரை மாற்றினேன். மேலே எழுதியுள்ள அறிவிப்பில் காணும் நாள், தொகை, வகுப்பு ஆகியவற்றை எடுத்துக்கொண்டாலன்றிக் கீழே உள்ள கணக்குக்கு விடை வராது. அடுத்த ஆண்டு அந்தக் கணக்குகளை எழுதும் வேலையை அவனிடமே ஒப்படைத்தேன். உதவித்தொகை அறிவிப்பு வந்த வாரத்தில் அவன் எழுதிய கணக்கு எனக்கு இன்றும் நினைவில் இருக்கிறது. இன்று முதல் நாள்தோறும் ஒரு மாணவன் விண்ணப்பம் கொடுத்தால், கடைசி நாளுக்குள் எத்தனை பேர் கொடுத்திருப்பர் என்பது கேள்வி. விடை பதினொன்று. அவ்வாண்டு பதினான்கு பேர் கொடுத்தார்கள்.