சிறுமலைக் காடு சொல்லும் பாடம்

திண்டுக்கல் விவசாயிகள் சிறுமலையைத் தினமும் பார்க்கிறார்கள். பழம் வாங்கவும் சுற்றிப் பார்க்கவும் மலைக்குப் போகிறவர்கள் உண்டு. மண்ணைப் பார்க்கப் போகிறவர்கள் குறைவு. ஊரிலிருந்து சுமார் 25 கிலோ மீட்டர். 18 கொண்டை ஊசி வளைவுகள். காலையில் பஸ் ஏறினால் மாலையில் வீடு திரும்பலாம். சென்ற கோடையில் சமவெளி விவசாயிகள் சிலருடன் சென்று வந்தேன்.

அடிவாரத்தில் வேல மரங்களும் முட்புதர்களும் உள்ளன. நடுச்சரிவில் கோடையில் இலை உதிர்க்கும் மரங்கள். மேலே, ஓடை ஓரங்களில், ஆண்டு முழுவதும் பசுமையாக நிற்கும் மரங்கள். இதை முழு மழைக்காடு என்று சொல்ல முடியாது. மேற்கு மலைகளில் உள்ள மழைக்காட்டுக்கு இது ஒரு தம்பி எனலாம்.

டப்பாச் சோதனை

மேலே ஒரு காப்பித் தோட்டத்தில், உரிமையாளரின் அனுமதியுடன், நிழல் மரத்தடியில் சருகை விலக்கிப் பார்த்தோம். அடியில் கறுத்த மக்கு. அதன் கீழே கோடையிலும் ஈரம். இருபுறமும் திறந்த ஒரு தகர டப்பாவை மண்ணில் அழுத்தி, ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றினோம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே இறங்கிவிட்டது.

கீழே வந்து, உடன் வந்த ஒருவரின் மாந்தோப்பில் இதையே செய்தோம். சருகைக் கூட்டி எரித்துச் சுத்தமாக வைத்திருந்த தோப்பு அது. நாங்கள் டீ குடித்து முடித்த பிறகும் தண்ணீர் டப்பாவிலேயே நின்றது.

ஒரு ஏக்கரில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் அது சுமார் 40,000 லிட்டர் தண்ணீர். இறுகிய மண்ணில் அதில் பெரும்பகுதி மேல்மண்ணையும் அரித்துக்கொண்டு ஓடிவிடும். சருகு மூடிய மண்ணில் மழைத்துளியின் அடி நேராக விழாது. மண்புழுத் துளைகள் வழியே நீர் இறங்கும்.

"மரம் வைத்தால் மழை வருமா?" என்று ஒருவர் கேட்டார். நம் தோட்டத்து நான்கு மரங்கள் மழையை வரவழைக்கா. ஆனால், பெய்த மழையை நிறுத்தி வைக்க நம்மால் முடியும்.

தோட்டத்தில் செய்ய வேண்டியவை

1. சருகையும் தோகையையும் எரிக்காதீர்கள். மரத்தைச் சுற்றி மூடாக்காகப் பரப்புங்கள். கரையான் வராமலிருக்க, தண்டை ஒட்டிப் போட வேண்டாம்.

2. தென்னைக்கு, மரத்தைச் சுற்றி 1.8 மீட்டர் வரை உள்ள வட்டப்பாத்தியில் 100 உரிமட்டைகளைக் குழிந்த பக்கம் கீழே இருக்கும்படி பரப்பலாம். அல்லது காய்ந்த ஓலை 15 போதும்.

3. கோடை உழவைச் சரிவுக்குக் குறுக்கே செய்யுங்கள். சரிவான மாந்தோப்பில் மரத்தின் கீழ்ப்புறம் பிறை வடிவில் வரப்புப் போடுங்கள்.

பழம் வாங்கலாம், கன்று வேண்டாம்

சிறுமலை வாழைப்பழம் 2008ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது. இந்த வாழைக்குப் பெரிய எதிரி முடிக்கொத்து நோய். இது ஒரு வைரஸ் நோய். நோய் கண்ட மரத்தின் பக்கக் கன்றுகள் மூலமும், அசுவினிப் பூச்சிகள் மூலமும் பரவும். பார்வைக்கு நன்றாக உள்ள கன்றிலும் நோய் மறைந்திருக்கலாம். எனவே, ஆசைப்பட்டு மலையிலிருந்து கன்று கொண்டுவந்து நடாதீர்கள். பழத்தை மட்டும் வாங்கி வாருங்கள்.

மலைக்குச் செல்வோர் கவனத்துக்கு

மலைச் சரிவுகளில் உள்ளவை காப்புக்காடுகள். வனத்துறை அனுமதியின்றி உள்ளே நுழையக் கூடாது. காட்டு மாடுகள் உண்டு. அருகில் செல்ல வேண்டாம். அணையாத பீடித் துண்டு ஒன்று போதும், பல ஆண்டுகளாகச் சேர்ந்த சருகு முழுவதும் சாம்பலாகிவிடும். அதன்பின் பெய்யும் மழை, நிலத்தில் தங்காமல் மண்ணோடு கீழே ஓடிவிடும்.

ஊர் திரும்பியதும் உங்கள் தோட்டத்தில் டப்பாச் சோதனையைச் செய்து பாருங்கள். மூடாக்குப் போட்டு ஓராண்டு கழித்து, அதே இடத்தில் மீண்டும் செய்யுங்கள். தண்ணீர் இறங்கும் வேகமே விடை சொல்லும்.