பிரசவ அறையில் ஓர் ஆறுதல் மொழி

பிரசவம் என்பது ஸ்திரீகளுக்கு மறு ஜன்மம் என்று நம் பெரியோர்கள் சொல்லி வைத்தார்கள். அது வெறும் அலங்காரப் பேச்சு அன்று. மூன்று தலைமுறைகளுக்கு முன்னே, பிள்ளையைப் பெற்றுக் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிய ஓர் அத்தையின் கதையோ சித்தியின் கதையோ வழங்காத குடும்பம் அபூர்வம். தலைப் பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய் வீட்டுக்கு அழைத்து வரும் நம் வழக்கத்தில் ஒரு நுட்பம் அடங்கியிருக்கிறது. வலி எடுக்கும் வேளையில், கூச்சமின்றிக் கையைப் பற்றிக்கொள்ளவும், அச்சமின்றி வாய்விட்டு அழவும், சொந்தமான ஒருத்தி அவள் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதே அது.

இப்போது பிரசவங்களில் பெரும்பாலானவை ஆஸ்பத்திரியில் நடக்கின்றன. 2019 முதல் 2021 வரையில் எடுக்கப்பட்ட தேசியக் குடும்ப நலக் கணக்கின்படி, இந்தியாவில் நூற்றுக்கு 88.6 பிரசவங்களும், தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99.6 பிரசவங்களும் மருத்துவ நிலையங்களில் நிகழ்ந்தன. இதனால் விளைந்த நன்மை பெரிது. 2018–20 வருஷங்களில், உயிருடன் பிறந்த ஒரு லட்சம் குழந்தைகளுக்கு 97 தாய்மார் என்ற அளவில் தேசத்தில் மரணம் இருந்தது; தமிழ்நாட்டில் அது 54. இன்னும் குறைய வேண்டிய எண்தான். ஆனாலும் பழைய நாட்களை எண்ணிப் பார்த்தால் மகத்தான முன்னேற்றம்.

ஆஸ்பத்திரியை நம் ஸ்திரீகள் எளிதாக அடைந்துவிடவில்லை என்பதை மறக்கலாகாது. 1890-ஆம் வருஷத்தை ஒட்டிய காலத்தில், திண்டிவனத்தில் டாக்டர் ஜான் ஸ்கடர் என்ற பாதிரியாரின் வீட்டுக்கு ஒரே இரவில் மூன்று கணவன்மார் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். மூவரின் மனைவியரும் பிரசவ வேதனையில் துடித்துக்கொண்டிருந்தனர். ஆண் வைத்தியரை அனுமதிக்க அவர்களுக்கு மனம் இல்லை. டாக்டரின் இளம் புதல்வி ஐடா வர வேண்டும் என்று மன்றாடினார்கள். அவளோ வைத்தியம் படித்தவள் அல்லள். பொழுது விடிவதற்குள் மூன்று பெண்களும் மாண்டு போனார்கள். ஐடா ஸ்கடர் அமெரிக்கா சென்று, 1899-ல் டாக்டர் பட்டம் பெற்று, 1900-ல் திரும்பி வந்து, வேலூரில் ஒரே ஒரு கட்டிலுடன் சிகிச்சையைத் தொடங்கினார். 1909-ல் நர்ஸுகளுக்கும், 1918-ல் பெண் டாக்டர்களுக்கும் அங்கே கல்விச்சாலை அமைத்தார். கத்தியும் மருந்தும் மட்டும் போதா, நோயாளி நம்பி ஏற்றுக்கொள்ளும் கைகளும் வேண்டும் என்பதை அந்த இரவு அவருக்குக் கற்பித்தது போலும்.

அந்த நம்பிக்கையை இன்றைய பிரசவ அறைகள் எல்லாம் காப்பாற்றுகின்றனவா? வலி தாளாமல் கதறும் பெண்ணை அதட்டுவதும், கூசத்தக்க சொற்களை வீசுவதும், தொடையில் அறைவதும், மறைப்பின்றிப் பலர் நடுவே கிடத்தி வைப்பதும் சில இடங்களில் நடக்கின்றன. இது நம் ஊரின் குறை மட்டும் அன்று. இத்தகைய அவமதிப்பு உலகெங்கும் உண்டு என்றும், அதை ஒழிக்க வேண்டும் என்றும் 2014-ல் உலக சுகாதார ஸ்தாபனமே ஓர் அறிக்கை வெளியிட வேண்டியதாயிற்று.

‘உயிரைக் காப்பாற்றுகிறார்களே, நாலு வார்த்தை கடுமையாகச் சொன்னால் என்ன?’ என்று கேட்பவர்கள் உண்டு. அன்பு என்பது சிகிச்சைக்கு மேல் தூவும் சர்க்கரை என்று அவர்கள் எண்ணுகிறார்கள். பாடம் சொல்லிக் கொடுக்கும் நமக்கு ஓர் உண்மை தெரியும்: பயந்த பிள்ளைக்குத் தெரிந்த விடையும் மறந்து போகும். உடம்பின் சங்கதியும் ஏறக்குறைய இப்படித்தான். கருப்பையைச் சுருங்கச் செய்து குழந்தையை வெளியே தள்ள உதவுவது ஆக்ஸிடோசின் என்னும் சுரப்பு. அச்சமும் கலக்கமும் மிகும்போது அட்ரினலின் பெருகி அந்த வேலைக்கு இடையூறு செய்யக்கூடும். வலியும் அதிகமாகத் தோன்றும். ஆகவே, தாயின் பயத்தைத் தணிப்பதும் வைத்தியத்தில் ஒரு பகுதிதான்.

இதற்குச் சான்றும் உண்டு. குவாதமாலா தேசத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் நடந்த ஆராய்ச்சி 1980-ல் வெளியாயிற்று. பிரசவ வேதனையில் இருந்த சில பெண்களுக்குப் பக்கத்தில், முன்பின் அறியாத ஒரு மாதை அமர்த்தினார்கள். அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள், கையைப் பற்றிக்கொண்டாள், பேசிக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். துணையின்றி இருந்தவர்களுக்குச் சுமார் 19 மணி நேரம் பிடித்த பிரசவம், துணையோடு இருந்தவர்களுக்கு 9 மணி நேரத்துக்குள் முடிந்தது. அது சிறிய சோதனை. பிற்காலத்துச் சோதனைகளில் இவ்வளவு பெரிய வித்தியாசம் காணப்படவில்லை. ஆயினும், 15,000-க்கும் மேற்பட்ட பெண்களைப் பற்றிய 26 சோதனைகளைத் தொகுத்து 2017-ல் வெளியான ஆய்வும் அதே திசையைத்தான் காட்டியது. இடைவிடாத துணை இருந்தவர்களுக்குச் சுகப்பிரசவம் அதிகம், சிஸேரியன் குறைவு, வேதனைக் காலமும் சற்றுக் குறைவு, பின்னால் அந்த நாளை நினைத்து மனம் கசப்பவர்களும் குறைவு.

அன்புள்ள நர்ஸ் செய்யும் காரியங்கள் பெரிய வித்தைகள் அல்ல. பெயர் சொல்லி அழைப்பாள். பரிசோதிக்கும் முன்பு, என்ன செய்யப் போகிறாள் என்பதைச் சொல்லிச் சம்மதம் பெறுவாள். திரையை இழுத்து மூடுவாள். தாகத்துக்கு நீர் தருவாள். முடிந்தால் எழுந்து நடக்கச் சொல்வாள். ‘இன்னும் ஆகவில்லையா?’ என்று அவசரப்படுத்த மாட்டாள். கருப்பை வாய் மணிக்கு ஒரு சென்டிமீட்டர் திறந்தே தீர வேண்டும் என்ற பழைய கணக்கு எல்லாப் பெண்களுக்கும் பொருந்தாது என்று 2018-ல் உலக சுகாதார ஸ்தாபனம் கூறிவிட்டது. வயிற்றை மேலிருந்து அழுத்திக் குழந்தையைத் தள்ளும் பழக்கத்தையும் அது ஏற்கவில்லை. குழந்தை பிறந்ததும், இருவரும் நலமாயிருந்தால், அதைத் தாயின் மார்பின் மீது கிடத்துவாள். அருகிலேயே இருப்பவளுக்குத்தான், உதிரப்போக்கு மிகுவதும் முகம் வெளிறுவதும் முதலில் கண்ணில் படும். ஆகவே, அன்பான கவனிப்பு உயிர் காக்கும் காவலும் ஆகிறது.

நர்ஸின் கட்சியையும் நாம் கேட்க வேண்டும். இரவெல்லாம் கண் விழித்து, ஒரே சமயத்தில் பல பெண்களைக் கவனித்து, இடையே பதிவேடுகளையும் நிரப்பும் ஒருத்தியிடம் பொறுமையை மட்டும் எதிர்பார்ப்பது நியாயமாகாது. போதுமான நர்ஸுகளை நியமிப்பது சர்க்காரின் கடமை. அவர்களை மரியாதையுடன் நடத்துவது நம்முடைய கடமை. தன்னை ஏவலாளாக நடத்தும் கூட்டத்தின் நடுவே எவளும் நெடுநாள் கருணை காட்ட முடியாது.

குடும்பத்தாருக்கும் வேலை உண்டு. தமிழ்நாட்டின் சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் பிரசவ வேளையில் ஒரு பெண் துணை உடன் இருக்கும் ஏற்பாடு 2004-ல் கொண்டு வரப்பட்டது. 2016-ல் மத்திய சர்க்காரும் இதை அனுமதித்தது. ஆகவே யார் துணை என்பதை முன்கூட்டியே கர்ப்பிணியைக் கேட்டுத் தீர்மானியுங்கள். உறவில் மூத்தவள் என்பது தகுதி ஆகாது. யாரைக் கண்டால் அவளுக்குத் தைரியம் வருமோ அவளே தகுதியுடையவள். பயங்கரப் பிரசவக் கதைகளைச் சொல்பவர்கள் வெளியிலேயே இருக்கட்டும்.

இன்னொன்றையும் சொல்லித்தான் ஆக வேண்டும். பிறந்தது பெண் குழந்தை என்றதும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொள்ளும் உறவினர் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். அந்த ஒரு பெருமூச்சைப் போலத் தாயின் நெஞ்சைப் புண்படுத்துவது வேறில்லை. பத்து நிமிஷத்துக்கு முன்பு உயிரைப் பணயம் வைத்தவள் அவள். நர்ஸ் கடுஞ்சொல் சொல்லலாகாது என்று கேட்கும் உரிமை, வாசலில் புன்முறுவலோடு காத்திருக்கும் குடும்பத்துக்கே உண்டு.