கொசுவுக்குச் சிரட்டை போதும்

"வெள்ளம் கெட்டி நிர்த்தண்ட மோளே, கொதுகு வரும்."

மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று பக்கத்து வீட்டுச் சேச்சி இதைச் சொன்னபோது, சுள்ளிக்கல்லில் அத்தை வீட்டுக் கொல்லையில் நான் குழி வெட்டிக்கொண்டிருந்தேன். தண்ணீரைத் தேக்கி வைக்காதே, கொசு வரும் என்கிறார். குழி எதற்கு என்று கேட்டார். தவளைக்கு என்றேன். "மாக்ரிக்கோ?" என்றார். அதற்குமேல் என்னிடம் பேச ஒன்றுமில்லை என்பதுபோல் உள்ளே போய்விட்டார்.

சேச்சியைக் குறை சொல்ல முடியாது. மட்டாஞ்சேரிக்கும் தோப்பும்படிக்கும் இடையில் வீடுகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நிற்கும் பகுதி சுள்ளிக்கல். கடல் மட்டத்தை ஒட்டிய தாழ்ந்த நிலம். மேற்குக் கொச்சிக்குள் ஓடும் ராமேஸ்வரம்–கல்வத்தி கால்வாய், ஓடியதைவிடக் குப்பையோடு தேங்கிக் கிடந்ததே அதிகம். யானைக்கால் நோய்க்கு ஆங்கிலேயர்கள் 'கொச்சின் லெக்' என்று இந்த ஊரின் பெயரையே வைத்திருந்தார்கள். மலையாளத்தில் அது 'மந்து'. இன்றைய பயம் டெங்கு. மழைக்காலம் வந்தால் 'டிரை டே' என்று நாள் குறித்து, தேங்கிய தண்ணீரையெல்லாம் கொட்டச் சொல்கிறது சுகாதாரத் துறை. 2023-ல் வந்த கேரளப் பொதுச் சுகாதாரச் சட்டப்படி, கொசு வளர இடம் கொடுக்கும் வீட்டுக்காரருக்கு அபராதமும் உண்டு.

அதனால் தண்ணீரைக் கண்டால் மூடு என்பது இந்த ஊரில் பழக்கமாகிவிட்டது. கிணற்றுக்கு வலை, குளத்துக்கு மண், முற்றத்துக்கு டைல்ஸ். ஆனால் இப்படி மூடியதில் இடம் இழந்தது கொசு அல்ல, தவளை. டெங்குக் கொசு குடும்பம் நடத்த, ஒரு சிரட்டையில் தேங்கிய மழைத்தண்ணீர் போதும். பூந்தொட்டியின் அடித்தட்டு போதும், ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் நீர் சொட்டும் தட்டு போதும். ஏழெட்டு நாளில் முட்டை கொசுவாகிப் பறந்துவிடும். தவளைக்கு அது ஆகாது. ஒன்றரை மாதம், இரண்டு மாதம் வற்றாத தண்ணீர் அதற்கு வேண்டும். நாம் குளங்களைத் தூர்த்துவிட்டுச் சிரட்டைகளை விட்டுவைத்திருக்கிறோம்.

கூத்தாடியும் வால்மாக்ரியும்

கொசுவின் புழுவுக்குத் தமிழிலும் மலையாளத்திலும் ஒரே பெயர்: கூத்தாடி. தவளைக் குஞ்சுக்கு மட்டும் பெயர் மாறுகிறது. நமக்குத் தலைப்பிரட்டை, அவர்களுக்கு வால்மாக்ரி. நாம் தலையைப் பார்த்துப் பெயர் வைத்தோம், அவர்கள் வாலைப் பார்த்து வைத்திருக்கிறார்கள்.

வளர்ந்த தவளை கொசு தின்றே வயிறு வளர்ப்பதில்லை. கரப்பான், ஈசல், வண்டு, கறையான், நத்தை என்று வாய்க்குள் அடங்குவதையெல்லாம் விழுங்கும். கொசுவோடு நேரடியாக மோதுவது தலைப்பிரட்டைதான். இலங்கையில் பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-ல் வெளியிட்ட ஆய்வில், நம் ஊர்களிலும் காணப்படும் வகைகள் உட்படச் சில தலைப்பிரட்டைகள் டெங்குக் கொசுவின் முட்டைகளைத் தின்பதைக் காட்டினார்கள். மரத்தவளையின் குஞ்சும் தேரையின் குஞ்சும் அந்தப் பட்டியலில் உண்டு. மத்திய அமெரிக்காவில் இதன் மறுபக்கம் தெரிந்தது. கோஸ்டாரிகாவிலும் பனாமாவிலும் பூஞ்சை நோயால் தவளைகள் கொத்துக் கொத்தாகச் செத்த பகுதிகளில், அடுத்து வந்த ஆண்டுகளில் மலேரியா கூடியது என்று 2022-ல் ஓர் ஆய்வு சொன்னது.

தவளை வந்தால் கொசு ஒழிந்துவிடும் என்று இதற்குப் பொருள் இல்லை. உயிர் நடமாடும் குளம், உயிரில்லாத சிரட்டையைவிடக் கொசுவுக்கு ஆபத்தான இடம். தலைப்பிரட்டையோடு தும்பியின் புழுவும் நீர்ப்பூச்சிகளும் அங்கே வந்துவிடும். ஆனால் இவையெல்லாம் வந்து சேர மூன்று நான்கு வாரம் ஆகும். அதுவரை கொசுவுக்குத்தான் கொண்டாட்டம். அந்த நாட்களில் வாரம் இருமுறை டீ வடிகட்டியால் கூத்தாடியை அரித்து எடுத்துவிட வேண்டும். சேச்சி மதில்மேல் எட்டிப் பார்க்கும் நேரமாகப் பார்த்து நான் அதைச் செய்தேன்.

கால் வெட்டி அனுப்பிய துறைமுகம்

கொச்சிக்கும் தவளைக்கும் பழைய கணக்கு ஒன்று உண்டு. இறால் ஏற்றுமதியால் செழித்த இந்தத் துறைமுகம், தவளைக்கால் ஏற்றுமதியிலும் முன்னணியில் இருந்தது. மழை இரவுகளில் பெட்ரோமாக்ஸ் விளக்கோடு வயலில் இறங்குவார்கள். வெளிச்சம் கண்ணில் பட்டதும் தவளை அசையாமல் உட்கார்ந்துவிடும். கையால் எடுத்துச் சாக்கில் போட வேண்டியதுதான். பின்னங்கால்கள் மட்டும் உறைய வைக்கப்பட்டு ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் கப்பலேறின. 1981-ல் இந்தியா முழுவதிலுமிருந்து போனது 4,368 டன். அத்தனையும் கால்களின் எடை. உடல்கள் இங்கேயே குப்பையாயின.

பெருமளவில் சிக்கியது பெரிய மஞ்சள் தவளை. இனப்பெருக்கக் காலத்தில் ஆண் எலுமிச்சை மஞ்சளாகி, தொண்டையின் இருபுறமும் நீலப் பைகளை ஊதிக் கத்தும். தவளை தன் வாயால் கெடும் என்ற பழமொழி இந்த வியாபாரத்தில் எழுத்துக்கு எழுத்து உண்மையானது: பெண்ணை அழைக்கக் கத்திய இடத்துக்கு விளக்கோடு ஆள் வந்தான். முட்டையிட வேண்டிய காலத்திலேயே பிடித்தால் அடுத்த தலைமுறை எங்கிருந்து வரும்? வயலில் பூச்சி பெருகுகிறது, தவளையை விற்ற காசைப் பூச்சிமருந்துக்குக் கொடுக்கிறோம் என்று இயற்கை ஆர்வலர்கள் வாதிட்டார்கள். 1985-ல் இந்த மஞ்சள் தவளையும் பச்சைக் குளத்தவளையும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்ந்தன. 1987-ல் இந்தியா ஏற்றுமதியையே தடை செய்தது.

விளக்கு அணைந்தது. ஆனால் திரும்பி வர முயன்ற தவளைக்குக் கொச்சியில் வயலும் இல்லை, குளமும் இல்லை. கொல்லைக் குழியின் அவசியம் இங்கேதான் தொடங்குகிறது.

உப்பு, மீன், சுவர்

குழி வெட்டிய முதல் வருஷம் நாங்கள் மூன்று தப்பு செய்தோம்.

முதல் தப்பு, ஏப்ரலில் நான் கிணற்றுத் தண்ணீரை ஊற்றி நிரப்பியது. கோடையில் சுள்ளிக்கல் பக்கத்துக் கிணறுகளில் ஓரு எனும் உவர்நீர் ஏறிவிடும், நாக்கில் வைத்தாலே உப்புக் கரிக்கும். தவளைத் தோலும் முட்டையும் தண்ணீரை ஊடுருவ விடும் சவ்வுகள். உப்பு அவற்றின் ஈரத்தை உறிஞ்சிவிடும். குழாய்த் தண்ணீரும் உடனே ஆகாது, குளோரின் போக இரண்டு நாள் வாளியில் திறந்து வைக்க வேண்டும். சிறந்தது கூரையிலிருந்து இறங்கும் மழைத்தண்ணீர். கொச்சியில் ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் கொட்டுகிறது. குழியை மேட்டில் வெட்டி வரம்பை உயர்த்திவிட்டால், வேலியேற்றம் எனும் கடல் ஏற்றத்தில் பொங்கி வரும் உப்புத் தண்ணீரும் உள்ளே புகாது.

இரண்டாவது தப்பு அத்தையுடையது. கொசு வரக்கூடாதே என்று ஒரு கை நிறையக் கப்பி மீனை யாரிடமோ வாங்கிவந்து விட்டுவிட்டார். அழகான மீன், கூத்தாடியைத் தின்னும். தவளை முட்டையையும் பிஞ்சுத் தலைப்பிரட்டையையும் சேர்த்தே தின்னும். 1928-ல் கொசு ஒழிப்புக்காக இந்தியாவுக்குக் கொண்டுவந்த கம்பூசியா மீனும் இதே ரகம். குளம் ஒன்றுதான் என்றால் மீன் வேண்டுமா, தவளை வேண்டுமா என்று முடிவு செய்ய வேண்டும். நாங்கள் மீனைப் பிடித்து மூடியிட்ட சிமென்ட் தொட்டிக்கு மாற்றினோம். அதோடு கோடையில் குழியை வற்றவும் விட்டோம். மழைக்கு நிரம்பி வெயிலுக்குக் காயும் குட்டைதான் நம் தவளைகளுக்குப் பழகிய வீடு. காய்ந்தால் மீன் தங்காது, தலைப்பிரட்டையையும் தின்னும் தும்பிப் புழுவும் அளவோடு இருக்கும்.

மூன்றாவது, செங்குத்தான சுவர். தொட்டி மாதிரி நேராக வெட்டியிருந்தேன். வால் சுருங்கிக் கால் முளைத்த குஞ்சுக்கு நுரையீரல் வந்துவிடும். கரையேற வழியில்லாவிட்டால் அது தண்ணீரிலேயே மூழ்கிச் சாகும். ஒரு பக்கத்தைச் சரிவாக்கி, தேங்காய் மட்டையும் வெட்டுக்கல்லும் அடுக்கினேன். ஆழம் நடுவில் ஒன்றேகால் அடி, ஓரத்தில் நாலு விரல். சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில் அந்த ஒன்றேகால் அடியும் ஆபத்து. மேலே உறுதியான கம்பி வலை போட்டே ஆக வேண்டும். தவளை நுழைய ஓரத்தில் இடைவெளி விட்டால் போதும்.

செடிகளில் சேம்பும் நீர்ப்பிரம்மியும் ஓர் ஆம்பலும் வைத்தோம். ஆகாயத்தாமரையை மட்டும் கொடுத்தாலும் வாங்கக்கூடாது. இங்கே முட்டப்பாயல் என்பார்கள். மான்சோனியா கொசுவின் புழு அதன் வேரைக் குத்தி அதிலிருந்தே காற்றை இழுத்துக்கொள்ளும். மூச்சு வாங்க மேலே வருவதில்லை, அதனால் கண்ணிலும் படாது. கொச்சிக்குத் தெற்கே சேர்த்தலையில் யானைக்கால் பரப்பியது இந்தக் கொசுதான். 1980-களில் புதுச்சேரி நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் அங்கே ஊர் மக்களைச் சேர்த்துக்கொண்டு செய்த முக்கிய வேலைகளில் ஒன்று, குளங்களிலிருந்து இந்தச் செடிகளை வாரி வெளியே போட்டது.

அழைத்தவர், அழையாதவர்

இடவப்பாதி என்று இங்கே சொல்லும் தென்மேற்குப் பருவமழை, ஜூன் 1-ஐ ஒட்டி இறங்கும். இரண்டாவது வருஷம், மழை பிடித்த நாலாம் நாள் ராத்திரி, மரக்கட்டையை மரக்கட்டையால் தட்டுவது போல 'டக், டக்டக்' என்று சத்தம். காலையில் தண்ணீருக்கு மேல் சாய்ந்திருந்த சேம்பிலையில், முட்டை வெள்ளையை அடித்துவைத்த மாதிரி ஒரு நுரைக் கட்டி. அத்தை அதைச் சோப்பு நுரை என்று நினைத்துக் கழுவிவிடப் போனார்.

மரத்தவளையின் கூடு அது. பெண் தன் உடலிலிருந்து வரும் திரவத்தைப் பின்னங்கால்களால் கடைந்து நுரையாக்கி, அதற்குள் முட்டையிடும். வெளிப்புறம் காய்ந்து ஓடாகும், உள்ளே ஈரம் நிற்கும். நாலைந்து நாளில் நுரை கரைந்து, குஞ்சுகள் சொட்டுச் சொட்டாகத் தண்ணீரில் விழும். இலை தண்ணீருக்கு நேர் மேலே இருக்க வேண்டும் என்பதுதான் இதற்குத் தேவையான ஒரே ஏற்பாடு. சேம்பு அதைச் செய்தது.

அடுத்து வந்தது தேரை. மலையாளத்தில் சொறித்தவளை. ஜெபமாலை மாதிரி நீண்ட சரமாக முட்டையிடும், கருகருவென்ற குஞ்சுகள் கூட்டமாக அலையும். தொட்டால் சொறி வரும் என்பது கட்டுக்கதை. ஆனால் கண்ணுக்குப் பின்னால் இருக்கும் சுரப்பியில் நஞ்சு உண்டு, நாய் கவ்வினால் நுரை தள்ளிவிடும். தேங்காயில் தேரை மோந்தது என்று பருப்பில்லாத காய்க்கெல்லாம் இதன்மேல் பழி போடுகிறோம். தென்னை நிறைந்த ஊரில் அந்தப் பழியைத் துடைப்பது கஷ்டம்.

தண்ணீர்ப் பாம்பும் ஒருமுறை வந்தது. இங்கே நீர்க்கோலி, விஷமில்லாதது. தவளை இருக்கும் இடத்தைப் பாம்பு தேடும் என்பது உண்மை, நல்ல பாம்பும் வரலாம். அதனால் குழியை வாசலிலிருந்து தள்ளி வெட்டுங்கள், பக்கத்தில் விறகும் செங்கலும் குவிக்காதீர்கள், ராத்திரி டார்ச் இல்லாமல் போகாதீர்கள்.

மஞ்சள் தவளை வரவில்லை. வயலில் இருந்து ஒரு ஜோடி கொண்டுவந்து தருவதாகத் தெரிந்தவர் ஒருவர் சொன்னார். வேண்டாம் என்றேன். காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். அது ஒருபுறம் இருக்க, தவளையை இடம் மாற்றுவது நோயை இடம் மாற்றுவது. கிட்ரிட் என்னும் பூஞ்சை உலகெங்கும் பரவியதில் 90 வகைகள் அழிந்துபோனதாக 2019-ல் கணக்கிட்டார்கள். அந்தமானுக்கு மனிதர்கள் கொண்டுபோன இதே மஞ்சள் தவளையின் குஞ்சுகள், அங்கே மண்ணின் தவளைக் குஞ்சுகளைத் தின்று தீர்க்கின்றன. வயலில் காவல்காரனாக இருந்தது தீவில் கொள்ளைக்காரனாகிவிட்டது. குழியை வெட்டுவது நம் வேலை. வருவதும் வராததும் தவளையின் விருப்பம்.

ஜூலைக் கடைசியில் ஒரு மழை மாலை, சுண்டுவிரல் நகம் அளவு குஞ்சுகள் வெட்டுக்கல் வழியே ஏறின. சில சேம்புக்குப் போயின, சில மதிலேறின. எத்தனை பிழைக்கும் என்று தெரியாது. காக்கையும் பூனையும் போக நூற்றில் ஒன்றிரண்டு நின்றால் அதிகம்.

மதிலுக்கு அந்தப் பக்கம் இறங்கியதில் ஒன்று சேச்சியின் துணி துவைக்கும் கல்லில் போய் உட்கார்ந்திருக்கிறது. மறுநாள் கூப்பிட்டுச் சொன்னார், புகாரா சந்தோஷமா என்று தெரியாத குரலில். எட்டிப் பார்த்தேன். அவர் கொல்லையில் தென்னைக்கடியில் கிடந்த சிரட்டைகள் எல்லாம் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன.