பெரிய தொட்டிக்கு எந்த விளக்கு?

பவள உயிரிகளுக்கு வெளிச்சம் அலங்காரம் அல்ல, ஆகாரம். குறைந்தாலும் ஆபத்து, கூடினாலும் ஆபத்து.

இரண்டடிக் கண்ணாடித் தொட்டி நான்கடியாகிறது. உப்பு நீர், பாறைகள், மீன்கள் எல்லாம் இடம் மாறியாகிவிட்டது. மேலே மட்டும் அதே பழைய விளக்கு. மீன்களுக்கு அது போதும். பவளங்களோ சில வாரங்களில் பழுப்பேறிச் சுருங்கத் தொடங்கும். அவற்றின் திசுக்களுக்குள் வாழும் நுண்பாசிகள் ஒளியைக் கொண்டு சமைப்பதுதான் அவற்றின் முக்கிய உணவு.

தொட்டி நீளும்போது ஆழமும் கூடுகிறது என்பதுதான் சிக்கல். 12 அங்குல ஆழத்துக்குப் போதுமான விளக்கு, 24 அங்குலத்தில் அடிமணலை எட்டாது. இதில் கண்ணை நம்ப முடியாது. நமக்கு மங்கலாகத் தெரியும் நீல ஒளி பாசிகளுக்கு விருந்து. அதனால் 'பார்' என்ற அளவைப் பார்க்கிறார்கள். மென்பவளங்களுக்குத் தோராயமாக 50 முதல் 150. கிளைவிடும் கற்பவளங்களுக்கு 200 முதல் 350.

ஆகவே விளக்குக் கடைக்குப் போகுமுன் தொட்டியில் யார் குடியிருக்கப் போகிறார்கள் என்று தீர்மானிக்க வேண்டும். இந்தியாவில் இது சட்டப் பிரச்சினையும்கூட. கற்பவளங்களும் கடல் விசிறிகளும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியோடு ஒரே பட்டியலில் இருக்கின்றன. நம் கடலிலிருந்து அவற்றை எடுப்பது குற்றம். அவை இல்லாத தொட்டிக்கு மிதமான விளக்கே போதும்.

ஒரு காலத்தில் மெட்டல் ஹாலைட் விளக்குகளே ராஜா. 250 வாட் விளக்குகள் இரண்டு, தினம் எட்டு மணி நேரம் எரிந்தால் மாதத்துக்கு 120 யூனிட். சூடு வேறு. நம் ஊர்க் கோடையில் தண்ணீரைக் குளிர்விக்கத் தனி இயந்திரம் தேவைப்படும். மெல்லிய டி5 குழல் விளக்குகள் ஒளியைச் சீராகப் பரப்பும். ஆனால் ஏறக்குறைய ஆண்டுக்கொரு முறை மாற்ற வேண்டும். 200 வாட் எல்.இ.டி.க்கு மாதம் 48 யூனிட்தான். நிறத்தையும் வீச்சையும் இஷ்டப்படி மாற்றலாம். நிழல் விழாமலிருக்க, நான்கடிக்கு ஒன்றுக்குப் பதில் இரண்டு சிறிய விளக்குகள் நல்லது.

புது விளக்கை முதல் நாளே முழு வீச்சில் எரியவிடுவதுதான் பெரிய தவறு. மிதமிஞ்சிய ஒளியில், அதுவும் தண்ணீர் சூடாக இருந்தால், பாசிகள் நச்சை உண்டாக்கும். பவளம் அவற்றை வெளியேற்றிவிட்டு வெளுத்துப்போகும். 1998இல் கடல் சூடேறியபோது லட்சத்தீவிலும் மன்னார் வளைகுடாவிலும் பவளங்கள் வெளுத்தது இப்படித்தான்.

மூன்றில் ஒரு பங்கு வீச்சில் தொடங்கி, ஒரு மாதத்துக்கு மேல் எடுத்துக்கொண்டு மெல்ல உயர்த்தலாம். விளக்கு வாங்கப் பணம் போதும். பவளத்தைக் காப்பாற்றப் பொறுமையும் வேண்டும்.